அம்ரிதா ஷெர்கில்லின் தென்னிந்திய ஓவியங்களை எங்கே, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: குடும்பத்துடன் டெல்லி செல்கிறோம். அம்ரிதா ஷெர்கில் தென்னிந்தியப் பயணத்துக்குப் பின் வரைந்த ஓவியங்களைப் பார்க்க விரும்புகிறேன். ஒரு முற்பகல்தான் கிடைக்கும். பெங்களூரிலேயே பார்த்துவிட முடியாதா?

பதில்: தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு மும்பையிலும் பெங்களூரிலும் கிளைகள் இருந்தாலும், ஷெர்கில் ஓவியங்களின் பெருந்தொகுப்பு டெல்லியில்தான் இருக்கிறது. 1954இல் தொடங்கப்பட்ட அந்தக் கலைக்கூடம், இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் மன்னரின் மாளிகையாக இருந்த கட்டடத்தில் இயங்குகிறது. ஆட்டோக்காரரிடம் ‘ஜெய்ப்பூர் ஹவுஸ்’ என்றே சொல்லுங்கள். ‘மியூசியம்’ என்றால் ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இறக்கிவிடக்கூடும். திங்கட்கிழமை விடுமுறை.

முழுக் கூடத்தையும் சுற்றிவர முயல வேண்டாம். ஷெர்கில்லை மட்டும், வரைந்த ஆண்டு வரிசையில் பாருங்கள். முதலில் பாரிஸில் 1932இல் வரைந்த ‘இளம்பெண்கள்’ ஓவியத்தின் முன் நில்லுங்கள்: ஒருத்தி நிமிர்ந்து அமர்ந்திருக்க, மற்றவளின் நீண்ட கூந்தல் முகத்தை மறைக்கிறது, துணியின் மடிப்பும் தோலின் மினுமினுப்பும் ஐரோப்பியப் பயிற்சியின் தேர்ச்சியைக் காட்டும். பிறகு 1937க்கு வாருங்கள். அஜந்தாவைக் கண்டு, கொச்சி, கன்னியாகுமரி வரை சென்று, சிம்லா திரும்பியபின் அவர் வரைந்தவை ‘பிரம்மச்சாரிகள்’, ‘மணமகள் அலங்காரம்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ ஆகிய மூன்றும். ‘பிரம்மச்சாரிகள்’ ஓவியத்தில் வெற்றுடம்பும் வெள்ளை வேட்டியுமாக அமர்ந்திருக்கும் இளைஞர்களில் ஒருவர் நிறம் மற்றவருக்கு இல்லை. வேட்டிகளின் வெள்ளையும் ஒரே வெள்ளை அன்று. பாரிஸில் அவ்வளவு நுணுக்கமாகத் தீட்டிய நிழல்களை இங்கே அவர் பெரும்பாலும் துறந்துவிட்டதையும், உருவங்கள் அஜந்தாச் சுவரோவியங்களின் எளிமையை நெருங்குவதையும் அருகில் நின்றால்தான் உணர முடியும். அச்சுப்படங்களில் இந்த வெள்ளைகளெல்லாம் ஒன்றாகிவிடுகின்றன என்பதே, நேரில் போங்கள் என்று நான் வற்புறுத்தக் காரணம்.

கலைக்கூடங்களில் காட்சிக்கு வைக்கும் ஓவியங்களை அவ்வப்போது மாற்றுவது வழக்கம். ஆகவே, நீங்கள் தேடும் ஓவியங்கள் சுவரில் உள்ளனவா என்று புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பயணத்தைக் கைவிட வேண்டாம்; 1976இல் தேசியக் கலைப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்ட அவருடைய படைப்புகளில் வேறு பல அங்கே உள்ளன.