வாசகர் கேள்வி – பதில்: வீட்டிலிருந்து நீதிமன்றச் சுருக்கெழுத்து

கேள்வி: ஸ்டெனோடைப் என்னும் சுருக்கெழுத்து எந்திரத்தில் நிமிடத்துக்கு 160 சொல் வரை எடுக்கிறேன். வீட்டிலிருந்தே காணொலி விசாரணைகளை ஏற்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அமெரிக்காவில் சுருக்கெழுத்தர்களுக்கு நடக்கும் ஆர்.பி.ஆர். (Registered Professional Reporter) சான்றிதழ்த் தேர்வை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு உரைக்கு 180, ஜூரிக்கான அறிவுறுத்தலுக்கு 200, கேள்வி–பதில் சாட்சியத்துக்கு 225 சொல். ஒவ்வொன்றும் 5 நிமிடம். 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். 225 வேகத்தில் மொத்தம் 1,125 சொல், அதில் 56 பிழை வரை தேர்வு பொறுத்துக்கொள்ளும். வழக்கு பொறுக்காது. அந்த 56-இல் ஒன்று ‘இல்லை’ என்ற சொல்லாக இருந்தால் சாட்சியமே தலைகீழாகிவிடும்.

வேகம் கூடும்வரை ஸ்கோப்பிங் செய்யுங்கள். வேறொரு சுருக்கெழுத்தர் எடுத்த கோப்பை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு, மென்பொருளின் அகராதி அடையாளம் காணாத ஸ்ட்ரோக்குகளை (பல சாவிகளை ஒன்றாக அழுத்தும் ஒரு தட்டு) திருத்தி, நிறுத்தக்குறி போட்டு, பக்க அமைப்பைச் சரிசெய்யும் வேலை அது. அனுபவசாலிகள் எந்தச் சொற்றொடரை ஒரே ஸ்ட்ரோக்கில் அடக்குகிறார்கள் என்பது அப்படியே கண்ணில் படும். கோப்பு தரும் சுருக்கெழுத்தர் பயன்படுத்தும் அதே மென்பொருள் உங்களிடமும் இருக்கிறதா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காணொலியில் இருவர் சேர்ந்து பேசினால் ஒருவர் பேச்சு காணாமலே போகிறது. பிறகு ஒலிப்பதிவைக் கேட்டு நிரப்பலாம் என்றால், அதிலும் இல்லை. ஏன்?

பதில்: நேரில் இருவர் ஒன்றாகப் பேசினாலும் இரண்டு குரலும் காதுக்கு வந்துவிடும். காணொலியில் அப்படியில்லை. இரைச்சலையும் எதிரொலியையும் அடக்கும் மென்பொருள் ஓங்கிய குரலை மட்டும் அனுமதித்து மற்றதை நசுக்கிவிடுகிறது. உங்கள் கணினிக்கு வந்துசேராத குரல் உங்கள் பதிவில் எப்படி இருக்கும்? அதனால் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நினைப்பே கூடாது. அந்த நொடியிலேயே நிறுத்துங்கள்: “மன்னிக்கவும், இருவர் குரலும் மோதியது. சாட்சி தன் பதிலைத் திரும்பச் சொல்லவும்.” குறுக்கிடத் தயங்குபவர்கள்தான் இந்த வேலையில் அதிகம் அவதிப்படுகிறார்கள். குறுக்கிடுவது உங்கள் கடமை. யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பாதித் தொல்லையைத் தொடங்குமுன்பே தடுக்கலாம். சாட்சியையும் வழக்கறிஞர்களையும் ஹெட்செட் போடச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் கேட்டால் அந்த ஒலி மைக்குக்குள் திரும்பப் போகும்; அதை வெட்டுகிற மென்பொருள் கூடவே பேசுகிறவரின் சொல்லையும் வெட்டும். ஒரே அறையில் இரண்டு லேப்டாப் இருந்தால் ஒன்றின் மைக், ஒலிபெருக்கி இரண்டையும் அணைக்க வேண்டும். கேள்வி முடிந்து ஒரு நொடி விட்டுப் பதில் சொல்லுமாறு சாட்சியிடம் கேளுங்கள். ஆட்சேபம் சொல்ல வழக்கறிஞருக்கும் அந்த நொடி போதும். தொலைபேசியில் மட்டும் இணைகிறவர் ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

கேள்வி: சாட்சி ‘ம்ம்’ என்றால் அப்படியே எழுதலாமா?

பதில்: காதில் விழுந்ததைத்தான் எழுத வேண்டும். ‘ம்ம்’ என்பது ஆம், ‘ம்ஹூம்’ என்பது இல்லை. கரகரப்பான இணைப்பில் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். தலையசைப்போ பதிவில் வரவே வராது. “ஆம் அல்லது இல்லை என்று வாய்விட்டுச் சொல்லவும்” என்று கேட்டுவிடுங்கள். கேட்க முடியாமல் போன இடத்தில் நேரத்தைக் குறித்து ‘கேட்கவில்லை’ என்று போடுங்கள். ஊகித்து நிரப்புவது மட்டும் ஒருபோதும் கூடாது.

கேள்வி: ஒலிப்பதிவில் எவ்வளவு முன்னெச்சரிக்கை தேவை?

பதில்: இரண்டு தனித்தனிப் பதிவுகள்: ஒன்று ஸ்டெனோ மென்பொருளுக்குள், மற்றொன்று தனி ரெக்கார்டரில். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 318 எம்பி வரை ஆகும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 58 எம்பி போதும். வட்டில் இடம் இருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள். ஹெட்செட்டைச் செருகியதும் கணினி ஒலி மூலத்தைத் தானாக மாற்றிவிடுவதுண்டு. நாள் முழுக்க உங்கள் சாவித்தட்டுச் சத்தம் மட்டும் பதிவாகியிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் 30 நொடி பதிவுசெய்து, போட்டுக் கேட்ட பிறகே தொடங்குங்கள். இணையத்துக்கு வைஃபை வேண்டாம், கம்பி இணைப்பு. யுபிஎஸ்-இல் கணினியை மட்டும் இணைத்துவிட்டு ரவுட்டரை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் போனால் கணினி ஓடும், விசாரணை அறுந்துவிடும்.

கேள்வி: ரகசியம் காப்பது எப்படி?

பதில்: கதவு மூடிய தனி அறை, ஹெட்போன், கடவுச்சொல்லோடு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த வட்டு. குரல் கேட்டு இயங்கும் கருவிகளை அந்த அறையில் வைக்க வேண்டாம். இலவச இணையதளங்களில் ஒலிக்கோப்பை ஏற்றி எழுத்தாக்கக் கூடாது. கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் கேட்கிறார்கள் என்பது உங்கள் கையில் இருக்காது. ஸ்கோப்பிங் செய்பவரிடமும் மெய்ப்புப் பார்ப்பவரிடமும் எழுத்துப்பூர்வமான உறுதி வாங்கிய பிறகே கோப்பை அனுப்புங்கள்.