காக்கா எண்ணுகிற குடும்பம்

"டிசம்பர், ஜனவரி லீவில் ஆளுக்கொரு போனோடு மூலைக்கு ஒருவராக உட்கார்ந்துவிடுகிறார்கள். வெளியே போனால் மால், விட்டால் சினிமா. மொத்தக் குடும்பத்துக்கும் பிடித்த மாதிரி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு, வீட்டில் ஒரு பெரியவர் என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் வீடு அப்படித்தான்.

நாங்கள் பறவை பார்க்கிறோம். சிரிக்காதீர்கள், சிரிக்க எங்கள் சொந்தக்காரர்களே போதும். அவர்கள் வாயில் எங்களுக்குப் பெயர் 'காக்கா எண்ணுறவங்க'.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டை மாடியோ ஏரிக்கரையோ, எங்காவது 15 நிமிடமாவது நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி, பறவைக் கணக்கைப் பதிவு செய்யும் 'இபேர்ட்' (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. பையன் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து பிடிவாதம் பிடித்தான். சரி, ஒருநாள் கூத்து என்றுதான் நானும் நினைத்தேன்.

போகியன்று காலை ஆறே முக்கால். தாம்பரம் பக்கம் முழுக்க டயர் புகை. மாடியில் நாங்கள் நாலு பேர். காகம் 14, புறா 9, மைனா 6. பத்து நிமிடத்தில் மகள் கொட்டாவி விட ஆரம்பித்தாள். கீழே குழாயடியில் இருந்த என் மாமியார், தலையை நிமிர்த்தாமலே, "செம்போத்து கத்துதே, எழுதிக்கிட்டீங்களா?" என்றார். அப்படி ஒன்று இங்கே கிடையாது பாட்டி என்று பையன் அடித்துச் சொன்னான். ரெண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்துக் காலி மனைப் புதரிலிருந்து செங்கல் நிற இறக்கையோடு ஒன்று மதில்மேல் ஏறி, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி நிதானமாக நடந்து போனது. "செம்போத்து பார்த்தா நல்ல சகுனம்டா" என்றார் மாமியார்.

அவ்வளவுதான், அன்றிலிருந்து பையன் பாட்டி பின்னாலேயே அலைந்தான். செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் வயல்வெளியில் வளர்ந்தவர் அவர். ஆள்காட்டிக் குருவி எதற்குக் கத்தும், கரிச்சான் ஏன் மாட்டு முதுகில் சவாரி செய்யும், எல்லாம் சொன்னார். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது எதுவும் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. இப்போது சமையலறையில் பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் பறவைக் கணக்கு. பாட்டி பெயர் சொல்ல, பேத்தி எழுத, பேரன் போனில் ஏற்றுவான். ஆமாம், போன் ஒழியவில்லை. ஒழிந்தது என்று சொன்னால் பொய்.

வருடா வருடம் ஒரு நாள் வேடந்தாங்கல். 1936லேயே சரணாலயம் ஆன இடம். அதற்கும் முன்பே, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றிருக்கிறார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். "கார் வைத்திருப்பவர்கள் பேசுவீர்கள்" என்று யாராவது ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன்: செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அப்புறம் பஸ், படாளம் கூட்ரோட்டில் இறங்கி ஆட்டோ. கையில் புளியோதரை.

முதல் தடவை போய் நின்றது காணும் பொங்கலன்று. அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். கரை முழுக்கத் தலைகள், பறவையை விட விசில் சத்தம்தான் அதிகம். அந்த நெரிசலிலும் நத்தைகுத்தி நாரையைப் பார்த்துவிட்டோம். அதன் அலகு நடுவில் மூடவே மூடாது. நத்தையைப் பிடிக்க வசதியாம். "வாயை மூடவே மாட்டேங்குதே பாட்டி" என்றாள் மகள். "உங்க சித்தப்பா ஜாதி" என்றார் மாமியார், பெற்ற பிள்ளையைப் பற்றி!

காரணம் உண்டு. சேர்த்து வைத்த காசில் நாங்கள் வாங்கிய பைனாகுலரை "ஊட்டி போறோம் அண்ணி, வந்ததும் தந்துடறேன்" என்று கொழுந்தனார் வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஏணி. அதற்கும் முன் இட்லிக் குண்டான், அதுவும் என் அம்மா வீட்டுச் சீர். கேட்டால் நான் கணக்குப் பார்க்கிறவளாம். இவர் வாயே திறக்க மாட்டார், தம்பியாச்சே. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் ஆற்றாமை.

பறவை நிபுணர்கள் யாராவது படித்தால் பெயரில் குறை சொல்ல வராதீர்கள், மாமியார் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். நீங்கள் போவதாக இருந்தால் சாதாரண வாரநாளில், விடியற்காலையிலேயே போய்விடுங்கள். மழை நன்றாகப் பெய்த வருடமா என்று முதலில் விசாரியுங்கள், ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால் ஒன்றும் இருக்காது. பைனாகுலர் இருந்தால் கொண்டு போங்கள். யாருக்கும் இரவல் மட்டும் தராதீர்கள்.