பொடியைக் கரைத்துப் பார்ப்பதும் ஒரு படிப்பா?

அன்புள்ள ஐயா,

என் மகள் பி.ஃபார்ம் கடைசி வருஷம் படிக்கிறாள். ப்ராஜெக்ட்டுக்கு 'ப்ரீஃபார்முலேஷன்' எடுத்திருக்கிறாள். மருந்துப் பொடி எதில் எவ்வளவு கரைகிறது, ஈரத்தை இழுக்கிறதா, எதனோடு சேர்ந்தால் கெடுகிறது என்றெல்லாம் பார்ப்பதாம். மருந்தைக் கண்டுபிடிப்பதுதானே பெரிய விஷயம்? அதை மாத்திரையாக அழுத்துவது மெஷின் வேலை. இதில் ஆராய என்ன இருக்கிறது? வேறு தலைப்பு எடுக்கச் சொல்லலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சொல்ல வேண்டாம். நல்ல தலைப்பைத்தான் எடுத்திருக்கிறாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடிப்பது ஒரு மூலக்கூறை. தொழிற்சாலைக்கு வந்து சேர்வதோ அந்த மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்ட படிகப் பொடி. ஒரே மூலக்கூறு இரண்டு மூன்று விதமாக அடுக்கிக்கொள்ளும். அடுக்கு மாறினால் உருகும் சூடு மாறும், கரையும் அளவும் மாறும். இந்த வேறு வேறு வடிவங்களைப் பாலிமார்ப் என்பார்கள். கரையாத மருந்து வயிற்றில் இருந்தும் பயனில்லை.

இதில் அபாட் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எச்ஐவிக்கான ரிடோனாவிர் என்ற மருந்துக்கு 1996 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வணிகப் பெயர் நார்விர். பொடியாகக் கொடுத்தால் உடம்பில் ஏறாது என்பதால், ஆல்கஹாலும் நீரும் கலந்த கரைசலில் கரைத்து கேப்சூலில் அடைத்தார்கள். அதுவரை தெரிந்தது ஒரே ஒரு படிக வடிவம். எப்படியும் கரைந்துதானே இருக்கிறது, படிகம் எந்த வடிவமானால் என்ன என்று அதற்கு மேல் தேடவில்லை. 240 லாட், அதாவது 240 தயாரிப்புத் தொகுதி, கேப்சூல் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வெளியே போனது.

1998 நடுவில் சில லாட்கள், மருந்து சரியாகக் கரைகிறதா என்று பார்க்கும் கரைவுச் சோதனையில் தோற்றன. பிரித்துப் பார்த்தால், கரைந்திருக்க வேண்டிய மருந்து உள்ளே படிகமாக வெளியேறிக் கிடந்தது. அதுவும் யாரும் பார்த்திராத வடிவம். அந்தக் கரைசலில் அதன் கரைதிறன் பழைய வடிவத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான். ஒருமுறை அது வந்துவிட்டால் அதன் துகளே விதையாகிவிடும், பாலில் விழுந்த உறைமோர் மாதிரி. விஷயத்தை ஆராய்ந்துகொண்டிருந்த குழு இத்தாலியில் இருந்த ஆலைக்குப் போய் வந்தது. கொஞ்ச நாளில் அங்கேயும் புது வடிவம் தலைகாட்டியது! பழைய வடிவத்தை நம்பித் தயாரிக்க முடியாத நிலை வந்து, கேப்சூலைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். நோயாளிகள் திரவ மருந்துக்கு மாறினார்கள். அதன் கசப்பு பிரசித்தம். 1999இல் புது கேப்சூல் வந்தது, அதையும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியிருந்தது. ஃப்ரிட்ஜ் வேண்டாத மாத்திரை வர 2010 ஆனது.

இதை வெறும் கெட்ட நேரம் என்று என்னால் விட முடியவில்லை. கரையவே அடம்பிடிக்கிற மருந்தைக் கரைசலில் நிறையத் திணித்து வைத்திருக்கிறோம், இதைவிடக் கரையாத வடிவம் ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஆரம்பத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அந்த வடிவம் அப்போதே அகப்பட்டிருக்கும் என்று சொல்ல மாட்டேன். இந்தத் துறையில் அப்படி உத்தரவாதம் எதுவும் இல்லை. ஆனால் இன்று புது மருந்து கையில் வந்ததும் பல கரைப்பான்களில் கரைத்து, ஆற்றி, ஆவியாக்கி, வேறு வடிவம் வருகிறதா என்று துருவித் தேடுகிறார்கள் என்றால், அதில் ரிடோனாவிர் கொடுத்த அடிக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம், 'எதனோடு சேர்ந்தால் கெடுகிறது' என்பதையும் லேசாக நினைக்காதீர்கள். 1968 வாக்கில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின் கேப்சூல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று நச்சுத்தன்மையின் அறிகுறிகள் வந்தன. மருந்தின் அளவு மாறவே இல்லை. கேப்சூலை நிரப்பப் போட்ட கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். கால்சியம் சல்ஃபேட் மருந்தை உடம்பில் ஏறவிடாமல் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தது. அந்தப் பிடி போனதும் ரத்தத்தில் மருந்து ஏறிவிட்டது.

மகளுக்கு ஒரு யோசனை. பொடியைச் சூடாக்கி அது எப்போது உருகுகிறது, மாறுகிறது என்று காட்டும் டிஎஸ்சி மெஷினில் ஓட்டி வரும் கிராஃபை மட்டும் நம்பி ரிப்போர்ட் எழுத வேண்டாம். அமைன் (நைட்ரஜன் உள்ள ஒரு வகை வேதித் தொகுதி) உள்ள மருந்து ஒன்றை எடுத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் லாக்டோஸோடும் இன்னொன்றில் மாத்திரையில் நிரப்பியாகப் போடும் டைகால்சியம் பாஸ்ஃபேட்டோடும் கலந்து, மூடாமல் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் வைக்கட்டும். மருந்து மட்டும், லாக்டோஸ் மட்டும் என்று தனிக் குப்பிகளும் பக்கத்தில் இருக்கட்டும். வாரா வாரம் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லாக்டோஸ் கலந்தது மட்டும் மஞ்சளாகிப் பழுப்பேறினால் வைவாவில் கேள்வி நிச்சயம் வரும், அமைனும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பேறும் 'மெய்லார்ட் வினை' என்ற தலைப்பைப் படித்துக்கொண்டு போகட்டும். மாறவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதட்டும்.