என்ஹான்ஸ் கேம்ஸ்: கேளுங்க, சொல்றேன்

என்ஹான்ஸ் கம்பெனியின் டெட்ரிஸ் எஃபெக்ட் என்ற வீடியோ கேம் பற்றி ரெண்டு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ரெஸ் என்ற கேம் பிளேஸ்டேஷன் 2-இல் வந்த காலத்திலிருந்து, இவற்றின் பின்னாலிருக்கும் டெட்சுயா மிசுகுச்சியோட விளையாட்டுகளை விடாமல் ஆடுகிறவன் என்பது மட்டும்தான் என் தகுதி.

அண்ணா, முதல்ல இந்த என்ஹான்ஸ் யாரு? சோனி கம்பெனியா?

இல்லை. தனிக் கம்பெனி, சின்னது. டெட்சுயா மிசுகுச்சி 2014-இல் தொடங்கியது. மனிதர் ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில் ஒட்டாரு ஊர்க்காரர், 1965-இல் பிறந்தவர். 1990-இல் சேகா என்ற கேம் கம்பெனியில் சேர்ந்தார். ஆர்கேட் கார் பந்தயமான சேகா ராலி அவர் கைவண்ணம். அப்புறம் ஸ்பேஸ் சேனல் 5 (1999), ரெஸ் (2001). 2003-இல் சேகாவை விட்டு வெளியே வந்து கியூ என்டர்டெயின்மென்ட் தொடங்கினார், அங்கே லூமினெஸ் பிறந்தது. என்ஹான்ஸ் அதற்கடுத்த கடை. ரெஸ் இன்ஃபினிட் (2016), டெட்ரிஸ் எஃபெக்ட் (2018), லூமினெஸ் அரைஸ் (2025) எல்லாம் இங்கே வந்தவை. சோனி மேடையில் அடிக்கடி தலைகாட்டுவதால் சோனி ஆள் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்று கவனியுங்கள்: ரெஸ் பெயர் சேகாவுக்குச் சொந்தம், டெட்ரிஸ் பெயர் டெட்ரிஸ் கம்பெனிக்குச் சொந்தம். அடுத்தவர் பொருளை அனுமதியோடு வாங்கித் தன் பாணியில் மாற்றிக் கட்டுவதுதான் இவர்கள் வேலையில் பெரும்பகுதி.

மியூசிக் கேம்னா கிட்டார் ஹீரோ மாதிரி, வர்ற நோட்டை டைமுக்கு அமுக்கணும். அதுதானே இதுவும்?

அதுக்கு நேர் எதிர். கிட்டார் ஹீரோவில் பாட்டு ஏற்கெனவே முடிந்துபோன ஒன்று. நீங்கள் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும், தவறினால் மதிப்பெண் கிடைக்காது. மிசுகுச்சியின் ஆட்டங்களில் உங்களை யாரும் தாளம் போடச் சொல்வதில்லை. நீங்கள் உங்கள் போக்கில் எதிரியைச் சுடுவீர்கள், கட்டம் அடுக்குவீர்கள். அந்தச் செயலே பாட்டின் ஒரு பகுதியாக ஒலிக்கும்.

ரெஸ்ஸில் பாருங்கள். கோடுகளால் வரைந்த ஒரு கணினி உலகத்துக்குள் பறந்துகொண்டிருக்கிறீர்கள். பட்டனை அழுத்திப் பிடித்தபடி குறியை எதிரிகள் மேல் ஓட்டினால், ஒரே நேரத்தில் எட்டு பேர் வரை மாட்டுவார்கள். மாட்டும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டிக்’. பட்டனை விட்டால் எட்டு குண்டும் பாய்ந்து, ஒவ்வொன்றும் படுகிற இடத்தில் ஒரு தாள ஒலி. தொடக்கத்தில் பின்னணியில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது, ‘தொம் தொம்’ என்று ஒரு ட்ரம் மட்டும். அடுத்த அடுக்குக்குள் நுழைய நுழைய ஒரு வாத்தியம் சேரும், ஒரு நிறம் கூடும். ஒரு பகுதி முடிவதற்குள் டெக்னோ என்கிற மின்னணு நடன இசையில் ஒரு முழுப் பாட்டே உங்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்.

மிருதங்கம் கத்துக்கிட்டு இருக்கேன். நாம கண்ட நேரத்துல பட்டனை விட்டா எப்படி சார் தாளத்துல விழும்? லாஜிக்கே இடிக்குதே?

இன்றைக்கு வந்ததில் சிறந்த கேள்வி இதுதான்.

விடை: நீங்கள் விட்ட கணத்தில் அந்த ஒலி வருவதே இல்லை. கொஞ்சம் காத்திருந்துதான் வருகிறது. இசை மென்பொருள் ஆட்கள் இதை குவான்டைஸ் என்பார்கள். உங்களுக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டு என்று வையுங்கள், ஒரு அடிக்கு அரை வினாடி. அதைச் சதுஸ்ர நடையில் நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு 0.125 வினாடி. நீங்கள் எப்போது விட்டாலும், அடுத்த பங்கின் தொடக்கம் வரை ஒலியை நிறுத்திவைத்தால் போதும். அதிகபட்சத் தாமதம் அந்த 0.125 வினாடிதான். குண்டு பறந்துபோய்ப் படுவதற்கு எப்படியும் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால் கண் அதைத் தாமதமாகவே எடுத்துக்கொள்ளாது. பாடகர் இழுத்தாலும் ஓடினாலும் கூடவே போய்ச் சமத்தில் கொண்டுவந்து சேர்க்கும் நல்ல பக்கவாத்தியக்காரர் மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒலி தாளத்தில் விழுவதைக் கேட்கக் கேட்க, கை தானாகவே தாளத்தோடு போக ஆரம்பித்துவிடும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மதிப்பெண்ணும் கிடையாது. ஆனாலும் உடம்பு போகும். மிசுகுச்சி பிடித்த மந்திரம் இதுதான். மற்றதெல்லாம் இதன்மேல் கட்டிய அலங்காரம் என்பது என் கட்சி.

இந்த ஐடியா எங்கிருந்து வந்தது?

1997-இல் மிசுகுச்சி சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்து ஸ்ட்ரீட் பரேடுக்குப் போயிருந்தார். தெரு முழுக்க டெக்னோ, ஒளி, லட்சக்கணக்கான ஜனம் ஒரே தாளத்தில் ஆடுகிற காட்சி. இன்னொரு ஊற்று ஓவியர் காண்டின்ஸ்கி. நிறத்துக்கும் ஒலிக்கும் உறவு உண்டு என்று நம்பி, இசையைக் கேட்பதுபோல் பார்க்கவேண்டிய ஓவியங்களை வரைந்தவர். ரெஸ் அவருக்குத்தான் காணிக்கை. கதையில் வரும் வலைப்பின்னலின் பெயர்கூட அவர் பெயரின் முதலெழுத்தோடு, கே ப்ராஜெக்ட்தான்.

உடம்பு முழுக்க அதிரும் டிரெஸ், நாற்காலி எல்லாம் இருக்காமே? நிஜமா?

நிஜம். வரிசையாகச் சொல்லணும் என்றால், 2001-இலேயே ஜப்பானில் ரெஸ்ஸோடு ட்ரான்ஸ் வைப்ரேட்டர் என்று ஒரு யுஎஸ்பி பெட்டி விற்றார்கள். பாட்டின் அடிக்கு ஏற்ப அதிரும், அவ்வளவுதான் வேலை. ஊரெல்லாம் அதை வைத்து அசிங்கமாக ஜோக் அடித்தது, அடிக்காமல் இருக்கவும் முடியாது. ரெஸ் இன்ஃபினிட்டை அறிவித்தபோது 26 அதிர்வு முனைகள் வைத்த ஒரு முழு உடையைக் கேயோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்து, மிசுகுச்சியே மாட்டிக்கொண்டு மேடையேறினார். 2019-இல் வந்தது சினெஸ்தீசியா எக்ஸ்1 நாற்காலி. சாய்ந்து படுத்தால் 2 ஸ்பீக்கர், 44 அதிர்வு முனைகள். பாதத்தில் கிளம்பும் அதிர்வு முதுகு வழியாக மேலே ஏறுகிற மாதிரி இசையை உடம்பில் நகர்த்தலாம்.

அந்த உடையும் நாற்காலியும் கடையில் வாங்கக் கிடையாது, கண்காட்சிப் பொருள். நமக்கு மிச்சம் கையிலிருக்கும் கன்ட்ரோலர். அதைக் குறைவாக எடைபோடாதீர்கள்: டெட்ரிஸ் எஃபெக்ட் ஆடும்போது வைப்ரேஷனை அணைத்துவிட்டு ஒரு நிலை, போட்டுவிட்டு அதே நிலை ஆடிப்பாருங்கள்.

டெட்ரிஸ் எஃபெக்ட்னு ஏன் பேர் வெச்சாங்க? சும்மா ஸ்டைலுக்கா?

உண்மையிலேயே இருக்கிற விஷயம் அது. ரொம்ப நேரம் டெட்ரிஸ் ஆடிவிட்டுக் கண்ணை மூடினால் கட்டங்கள் விழுந்துகொண்டே இருக்கும், அதற்குத்தான் அந்தப் பெயர். 2000-இல் ஹார்வர்டின் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழு இதை ஆராய்ந்து சயன்ஸ் இதழில் எழுதியது. ஆடச் சொன்னவர்களில் மறதி நோயாளிகளும் இருந்தார்கள். டெட்ரிஸ் ஆடியதே ஞாபகமில்லாத அவர்களில் சிலருக்கும் தூங்கப்போகும் நேரத்தில் விழும் கட்டங்கள் தெரிந்தன! படிக்கும்போது கொஞ்சம் சிலிர்த்தது.

ஆட்டத்துக்கு வருவோம். அடிப்படை 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய அதே டெட்ரிஸ்: விழும் கட்டங்களை அடுக்கி ஒரு வரிசையை நிரப்பினால் அது மறையும். ஆனால் கட்டத்தை நகர்த்தினால் ஒரு ஸ்வரம், சுழற்றினால் வேறொன்று, கீழே போட்டால் ஒரு அடி. முதல் நிலை கடலுக்குள். அங்கே பாடும் குரல் நீங்கள் வரிசைகளை முடிக்க முடிக்கத்தான் வளரும். நகரத்து ஜாஸ் நிலையில் கட்டத்தைச் சுழற்றினால் பியானோ. ஒரே நிலைக்குள் திடீரென்று வேகம் கூடும், பாட்டு உச்சிக்குப் போகும்போது கையும் பதறும். ஸோன் என்று ஒரு வசதியும் உண்டு. அமுக்கினால் விழுவது நின்றுவிடும், முடித்த வரிசைகள் மறையாமல் அடியில் போய்ச் சேரும், வழக்கமான நாலு வரிசையைத் தாண்டி எட்டு, பன்னிரண்டு என்று ஒன்றாக எடுக்கலாம்.

லூமினெஸ்?

2004-இல் சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பியோடு வந்தது. இரண்டு நிறக் கட்டங்கள் விழும், ஒரே நிறத்தில் சதுரம் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் உடனே அழியாது. பாட்டின் வேகத்தில் இடமிருந்து வலமாக ஒரு கோடு ஓடிவரும், அது தொட்டால்தான் அழியும். அதனால் மெதுவான பாட்டு வந்தால் கோடும் மெதுவாகும், குவியல் ஏறிவிடும், வயிற்றில் புளி கரைக்கும். பாட்டு மாறினால் ஆட்டமே மாறுகிறது. கட்டமைப்பில் டெட்ரிஸ் எஃபெக்டைவிட இது சுத்தமானது என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான்.

விஆர் ஹெட்செட் வாங்க வசதியில்லை. விட்டுடவா?

வேண்டாம். ரெஸ் இன்ஃபினிட்டில் ஏரியா எக்ஸ் என்ற பகுதி மட்டும் விஆரில், அதாவது கண்ணை மூடி மாட்டும் திரையில், தனி அனுபவம். தண்டவாளம் மாதிரி ஒரே பாதையில் போகாமல் இஷ்டத்துக்குப் பறக்கலாம், சுற்றிலும் ஒளித்துகள் சிதறும். மற்றதெல்லாம் சாதாரணத் திரையிலேயே நன்றாக இருக்கும். அந்தக் காசில் நல்ல ஒயர் ஹெட்ஃபோன் வாங்குங்கள். ப்ளூடூத் வேண்டாம், ஒலி பிந்தி வரும். மேலே சொன்ன 0.125 வினாடிக் கணக்கெல்லாம் அதில் அடிபட்டுப்போகும். டிவியில் ஆடினால் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள். ஒளி பளிச்சிட்டால் வலிப்பு வரும் வழக்கம் உள்ளவர்கள் ரெஸ் பக்கமே போகாதீர்கள்.

ஹியுமானிட்டி இவங்களோடதா? அதுல இசையே பெருசா இல்லையே.

வெளியிட்டது என்ஹான்ஸ், 2023-இல். இயக்கியவர் டிசைனர் யுகோ நகமுரா, அவருடைய த்ஹா கம்பெனி. ஒளிரும் ஷிபா நாயாக நின்று மனிதக் கூட்டத்துக்கு வழிகாட்டும் புதிர் ஆட்டம். அதை மிசுகுச்சி கணக்கில் சேர்க்காதீர்கள்.

நானே இப்படி ஒரு சின்ன கேம் பண்ணிப் பார்க்கணும். கேம் செய்யும் யூனிட்டி மென்பொருள் தெரியும். எங்க ஆரம்பிக்கிறது தம்பி?

அண்ணே, முதலில் ஃப்ரேம் கணக்கை, அதாவது திரையில் படம் மாறும் எண்ணிக்கையை, நம்பாதீர்கள். திரை தடுமாறும்போது தாளமும் தடுமாறும். ஒலி அட்டையின் கடிகாரமான டிஎஸ்பி டைமை எடுத்து, அடுத்த பங்கு எப்போது என்று கணக்குப்போட்டு, யூனிட்டியின் ப்ளே ஷெட்யூல்ட் என்ற கட்டளை கொண்டு ஒலியை அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். ரெண்டாவது, ஆடுகிறவர் எந்த ஸ்வரத்தை எப்போது எழுப்புவார் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் எப்படிக் கலந்தாலும் உறுத்தாத ஐந்து ஸ்வரங்களில் நில்லுங்கள். மோகனம் போதும், பின்னணியும் அதே ஆதார ஸ்ருதியில் இருக்கட்டும். படம் எதுவும் வரைய வேண்டாம். கறுப்புத் திரையில் ஒரு வட்டத்தை வைத்து, தட்டினால் ஒலிக்கட்டும். அதையே ஐந்து நிமிஷம் விடாமல் தட்டத் தோன்றினால் மேலே கட்டுங்கள், தோன்றாவிட்டால் ஒலிகளை மாற்றுங்கள்.