30,000 ரூபாயில் எத்தனை இரவு?

கேள்வி: தாம்பரத்திலிருந்து சொந்தக் காரில் நாங்கள் நால்வர் கன்னியாகுமரி சென்று வர எண்ணியிருக்கிறோம். சென்ற ஆண்டு மதுரைக்கு உத்தேசமாகப் பணம் எடுத்துச் சென்று, கடைசி நாளில் அங்குள்ள உறவினரிடம் கைமாற்று வாங்க நேர்ந்தது. இம்முறை 30,000 ரூபாய் ஒதுக்கியுள்ளோம். முன்கூட்டியே கணக்கிட எளிய சூத்திரம் உண்டா?

– வாசகி ஒருவர், தாம்பரம்

பதில்: பள்ளியில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடே இதற்குப் போதும். ஒவ்வொரு செலவும் எதைப் பொறுத்து ஏறுகிறது என்று பாருங்கள். பெட்ரோல் தூரத்தையும், சாப்பாடு நாட்களையும் ஆட்களையும், அறை வாடகை இரவுகளையும் பொறுத்தவை. சுங்கம், படகு, நுழைவுச் சீட்டு ஆகியவை எத்தனை நாள் தங்கினாலும் பெரிதாக மாறாதவை.

போக ஏறத்தாழ 700 கி.மீ., வர 700. சுசீந்திரம், பத்மநாபபுரம், திற்பரப்பு என்று சுற்ற 200 சேர்த்தால் 1,600 கி.மீ. ஆகிறது. மைலேஜுக்கு விற்பனையாளர் சொன்ன எண்ணை எடுக்காதீர்கள். டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரைப் பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதே உங்கள் வண்டியின் மைலேஜ். அது 16 என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கொண்டால், எரிபொருளுக்கு 10,000 ரூபாய். சுங்கம் உள்ளிட்ட மாறாத செலவுக்கு 5,000, நால்வர் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 2,000, அறைக்கு இரவொன்றுக்கு 2,500 என்று வைத்துக்கொள்வோம். இரவுகளைவிட நாட்கள் ஒன்று அதிகம் என்பதால், அந்த ஒரு நாள் சாப்பாட்டுக்கான 2,000-ஐ எரிபொருளோடும் மாறாத செலவோடும் சேர்த்து எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பது இது:

மொத்தச் செலவு = 17,000 + (4,500 × இரவுகள்)

நான்கு இரவுக்கு 35,000. மூன்று இரவுக்கே 30,500. உங்கள் தொகை இரண்டு இரவுக்குத்தான் தாராளமாக வரும், ஆனால் அந்த இரண்டையும் கன்னியாகுமரியிலேயே கழித்தால் வழியில் தங்க முடியாது; ஒருவரே 700 கி.மீ. ஒரே மூச்சில் ஓட்டிச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தச் சமன்பாட்டின் உண்மையான பயன், எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று அது காட்டுவதில் இருக்கிறது. பெட்ரோல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 500 ரூபாய்தான். மைலேஜ் 16 இல்லாமல் 14 ஆகவே இருந்தாலும் ஏறத்தாழ 1,400 தான். ஆனால் ஓர் இரவு கூடினால் 4,500. பங்க் பங்காக விலை விசாரிக்கும் நாம், 'இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாமே' என்பதை மட்டும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். (சுங்கச்சாவடிகளுக்கான ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ், 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது, உங்களிடம் இருந்தால் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்தை மாறாத செலவிலிருந்து கழித்துவிடலாம்.)

ஒரு வழி இருக்கிறது. கைமாற்று தந்த அந்த உறவினர் வீட்டிலேயே போகும்போது ஓர் இரவும் வரும்போது ஓர் இரவும் தங்கினால், அறை வாடகையில் 5,000 மிச்சம். கன்னியாகுமரியில் இரண்டு இரவு தங்கினால் சரியாக 30,000 ஆகும், ஆனால் கையில் ஒரு ரூபாயும் மிஞ்சாது. ஓர் இரவு மட்டும் தங்கினால் 25,500, அவசரத்துக்கு 4,500 இருக்கும். நான் இரண்டாவதையே தேர்வேன். அவர் வீட்டுக்கு வாங்கிச் செல்லும் பழம், இனிப்பை மாறாத செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.