பேழை கடல் தாங்குமா?

அன்புள்ள ஐயா,

நாகர்கோவிலில் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற வாரம் நோவாவின் பேழை பாடம். வாட்ஸாப்பில் வந்த ஒரு காணொளியைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கொரியாவின் கப்பல் ஆய்வு நிலையத்து விஞ்ஞானிகள் பேழையின் அளவுகளைச் சோதித்தார்களாம். 30 மீட்டர் அலையிலும் அது கவிழாது என்று கண்டார்களாம். வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். மரைன் இன்ஜினியரிங் படிக்கிறான். "அம்மா, அவ்வளவு நீளத்துக்கு மரத்தில் கட்டினால் முதல் புயலிலேயே பலகை விட்டுப்போகும்" என்று சிரித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. யார் சொல்வது சரி? பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

ஜே.எஸ்.

அன்புள்ள ஜே.எஸ்.,

முதலில் மகனோடு பேசிவிடுங்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். கவிழுமா என்பதற்கு உங்கள் காணொளி பதில் சொல்கிறது. உடையுமா என்பதற்கு அவன் பதில் சொல்கிறான். கப்பல் கட்டுகிறவர்களுக்கு இவை இரண்டும் வேறு வேறு கணக்கு.

ஆதியாகமம் ஆறாம் அதிகாரம் தரும் அளவு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். முழம் என்றால் எவ்வளவு? பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வீட்டில் அளந்து பார்த்தவர்களுக்கு இதன் சிக்கல் தெரியும். முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை என்பது அன்றும் கணக்கு, இன்றும் கணக்கு. ஆனால் கை யாருடையது? சாதாரண முழத்தை 45 செ.மீ. என்று வைத்தால் பேழை 135 மீட்டர் நீளம், 22.5 மீட்டர் அகலம், 13.5 மீட்டர் உயரம். எகிப்திய அரச முழம் 52 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். அதில் கணக்கிட்டால் நீளம் 157 மீட்டரைத் தொடும். நாம் சின்ன முழத்தையே எடுத்துக்கொள்வோம்.

இந்தப் பெட்டி பாதி உயரம் மூழ்கி மிதந்தால் சுமார் 20,000 டன் நீரை விலக்கும். அதாவது மரம், மிருகங்கள், தீனி எல்லாம் சேர்ந்து அவ்வளவு எடை இருக்கலாம். 2014இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் இதே மாதிரி ஓர் ஆர்க்கிமிடிஸ் கணக்குப் போட்டு, 70,000 மிருகங்களை ஏற்றினாலும் மிதக்கும் என்றார்கள். உலகம் முழுக்க அது செய்தியானது. அவர்கள் பார்த்தது மிதப்பை மட்டும்தான் என்பது பல தலைப்புகளில் காணாமல் போய்விட்டது.

அடுத்து, கவிழ்வது. அகலமான, தட்டையான அடி கொண்ட பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்தில் நீர் அதிகமாகத் தள்ளி அதை நிமிர்த்திவிடும். பேழையின் அளவுகளைச் சூத்திரத்தில் போட்டேன். எடை உள்ளே சீராகப் பரவியிருந்தால் அந்த நிமிர்த்தும் திறனைக் காட்டும் அளவு ஏறக்குறைய 3 மீட்டர் வருகிறது. சரக்குக் கப்பலுக்கு அது தாராளம். கொரிய ஆய்வும் உண்மையில் நடந்ததுதான். 1990களின் தொடக்கத்தில் செய்தார்கள். அதே கொள்ளளவுள்ள வேறு 12 வடிவங்களோடு ஒப்பிட்டு, பேழையின் விகிதம் நல்ல சமநிலையானது என்றார்கள். அது வெளிவந்தது, வேதத்தின் படைப்புக் கதையை எழுத்துக்கு எழுத்து நம்பும் படைப்புவாதிகளின் இதழில் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டாலும் மகனுக்குச் சொல்லிவிடுங்கள், எப்படியும் தேடிக் கண்டுபிடித்துவிடுவான். அது எங்கே வெளிவந்திருந்தாலும் விகிதம் நல்ல விகிதம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை மரத்தோடு. பலகைகளை எப்படி இணைத்தார்கள், எத்தனை கனத்தில் அறுத்தார்கள் என்று வேதத்தில் ஒரு வரியும் இல்லை. ஆகவே யார் கணக்குப் போட்டாலும் அந்த இடத்தில் சொந்தச் சரக்கைத்தான் போட வேண்டும்.

கலிலியோ 1638இல் வெளியிட்ட கடைசி நூல் வெனிஸின் கப்பல் கட்டும் தளத்தில்தான் தொடங்குகிறது. சின்னப் படகை இறக்குவதைவிடப் பெரிய கப்பலை இறக்கும்போது, அளவுக்கு மீறிய முட்டுக்கட்டைகளும் சாரங்களும் கொடுக்கிறார்களே, ஏன்? தன் பாரத்திலேயே கப்பல் பிளந்துவிடாமல் இருக்கத்தான் என்று அங்கிருந்த மேஸ்திரி சொன்னாராம். ஒன்றை இரண்டு மடங்கு நீள அகல உயரத்தில் அப்படியே பெரிதாக்கினால் எடை எட்டு மடங்கு ஆகும். தாங்கும் மரத்தின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். விகிதம் மாறவில்லை, வலிமை மாறிவிட்டது. உங்கள் காணொளி தாண்டிப் போன இடம் இதுதான்.

கடலில் இது எப்படி ஆகும் என்று பாருங்கள். அலையின் முகடு கப்பலின் நடுவில் வந்தால் இரண்டு முனைகளும் தொங்கும், முதுகு வளையும். சில விநாடிகளில் முகடுகள் இரண்டு முனைகளில் வரும். இப்போது நடு வயிறு தொங்கும். பத்து விநாடிக்கு ஓர் அலை என்று வைத்தால் ஒரு நாளில் 8,640 தடவை. ஜலம் பூமியின்மேல் 150 நாள் மிகுந்திருந்தது என்கிறது வேதம். கிட்டத்தட்ட 13 லட்சம் தடவை. இரும்புத் தகடுகளை ஒட்டவைத்தால் கிட்டத்தட்ட ஒரே தகடாகிவிடும். மரத்தை அப்படி ஒட்ட முடியாது. ஒரு மரத்தில் 15 மீட்டர் நேர்க்கட்டை கிடைத்தாலே அதிர்ஷ்டம். 135 மீட்டருக்கு ஒன்பது கட்டைகளை முனைக்கு முனை பொருத்த வேண்டும். ஒவ்வொரு பொருத்தும் ஒவ்வோர் அலைக்கும் ஒரு மயிரிழை நகரும்.

தூத்துக்குடியில் கரையேற்றி வைத்த ஒரு தோணியின் பக்கத்தில் ஒரு மதியம் முழுக்க நின்றிருக்கிறேன். வயதான ஒருவர் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, உளி மாதிரி ஒன்றைப் பிடித்து, மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கலப்பத்து அடிப்பது என்பார்கள். பத்துத் தட்டுக்கு ஒரு விரல் நீளம் உள்ளே போகும். "இவ்வளவு இறுக்கமா அடிக்கிறீங்களே, அப்புறமும் தண்ணி வருமா?" என்று கேட்டேன். "மரம்னா கசியும் தம்பி" என்றார், தலையைத் தூக்காமல்.

அவர் சொன்னதை அமெரிக்கர்கள் பெரிய செலவில் கற்றுக்கொண்டார்கள். மெய்ன் மாநிலத்தில் 1909இல் கட்டிய வயோமிங் என்ற ஆறு பாய்மரக் கப்பல், மரத்தில் கட்டிய கப்பல்களிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. மேல்தளம் சுமார் 107 மீட்டர். பேழையைவிட 28 மீட்டர் குறைவு. உள்ளே இரும்புப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்திருந்தார்கள். இருந்தும் கடல் கொஞ்சம் எழுந்தால் உடம்பு நெளியும், பலகைகள் விலகும், பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 1924 மார்ச்சில் மாசசூசெட்ஸ் கரைக்கு வெளியே ஒரு புயலில் எல்லோரோடும் மூழ்கிப்போனது. இலங்கையின் காலி நகரில் தமிழும் சேர்த்து மூன்று மொழிகளில் 1409 தேதியிட்ட கல்வெட்டை விட்டுப்போன சீனத் தளபதி செங் ஹவின் கப்பல்களுக்கும் மிங் வரலாறு இதே மாதிரி பிரமாண்டமான நீளம் சொல்கிறது. வரலாற்றாசிரியர்கள் பலர் அதை நம்பத் தயங்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

நம் காலத்தில் முழு அளவில் பேழை கட்டியவர்களும் மரத்தை மட்டும் நம்பவில்லை. நெதர்லாந்தில் ஒரு கட்டடக்காரர் கட்டி 2012இல் திறந்தது மிதக்கிறது. ஆனால் மரத்துக்கு அடியில் இருப்பவை இரும்புப் பார்ஜுகள், அதாவது தட்டையான சரக்குப் படகுகள். அமெரிக்காவின் கென்டக்கியில் 2016இல் திறந்தது 155 மீட்டர். அது தரையில் நிற்கும் கட்டடம், தண்ணீரைத் தொட்டதில்லை.

இவ்வளவும் உங்கள் மகன் பக்கம். ஆனால் அவனும் ஒன்றைக் கவனிக்கவில்லை. கப்பல் என்று அங்கே எங்கே எழுதியிருக்கிறது?

எபிரெயத்தில் இருக்கும் சொல் தேவா. பெட்டி என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அந்தச் சொல் வேதத்தில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. குழந்தை மோசேயை நைல் நதியில் வைத்தார்களே, அந்த நாணற்பெட்டி. தமிழில் பேழை என்று மொழிபெயர்த்தவர்கள் கப்பல் என்று போடாமல் விட்டது எவ்வளவு நல்ல காது! பாய்மரம் இல்லை, சுக்கான் இல்லை, ஏரா என்று சொல்லும் அடிமரம் இல்லை. எங்கேயும் போக வேண்டிய பெட்டி இல்லை அது, மூழ்காமல் இருந்தால் போதும். அளவும் மாடிக்கணக்கும் ஒரு கட்டடத்தின் வர்ணனை மாதிரியே இருக்கின்றன: மூன்று தட்டு, பக்கத்தில் ஒரு கதவு, மேலே ஒரு வெளிச்சவழி.

படகுக்காரன் வாயிலிருந்து வந்தது போல இருப்பது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு கட்டளைதான். உள்ளும் புறம்பும் கீல் பூசு. வெளியே பூசுவது யாருக்கும் தோன்றும். உள்ளேயும் பூசு என்பவன் கசிவைப் பார்த்தவன். மோசேயின் பெட்டிக்குப் பிசினும் கீலும் என்று வேறு சொற்களைச் சொல்லும் எபிரெயம், இங்கே மட்டும் கோஃபெர் என்கிறது. அக்காதிய மொழியில் நிலக்கீலுக்குக் குப்ரு என்று பெயர். சொல் மெசொப்பொத்தேமியாவை, அதாவது இன்றைய ஈராக் பக்கத்தைக் காட்டுகிறது.

அங்கேதான் கதையின் மூத்த வடிவங்களும் கிடைத்தன. 1872இல் ஜார்ஜ் ஸ்மித் பிரிட்டிஷ் மியூசியத்தில் நினிவேயின் களிமண் பலகை ஒன்றில் வெள்ளக் கதையைப் படித்தார். அதில் கலம் 120 முழத்துக்கு 120 முழம், உயரமும் 120 முழம். மிதக்க விடப் பயங்கரமான வடிவம். கி.மு. 1750 வாக்கிலான இன்னொரு பலகையை அதே மியூசியத்தின் இர்விங் ஃபிங்கல் 2014இல் வெளியிட்டார். அதில் வருவது வட்டமான கலம், ஒகேனக்கலில் நீங்கள் ஏறியிருப்பீர்களே, அந்தப் பரிசல் மாதிரி, ஆனால் விட்டம் 70 மீட்டர் அளவுக்கு. நார்க்கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றித் தைத்து, கீல் பூச வேண்டும். ஈராக்கில் போன நூற்றாண்டு வரை குஃபா என்ற வட்டப் படகை ஏறக்குறைய இப்படித்தான் கட்டினார்கள். யூப்ரடீஸ் கரையில் ஹீத் என்ற ஊரில் நிலக்கீல் தானாகவே ஊறி வரும், அதை எடுத்துப் பூசுவார்கள். அந்தப் பலகையில் பாதி வரிகள் கயிறும் கீலும் எவ்வளவு வேண்டும் என்ற கணக்குத்தான், மளிகைச் சீட்டு மாதிரி.

அதைப் பார்த்துச் சிறிய அளவில் ஒன்றைக் கட்டினார்கள். எங்கே தெரியுமா? கேரளத்துக் காயலில், உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில். மிதந்தது. ஆனால் இங்கே கிடைத்த கீல் தரமாக இல்லை, தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது, பம்பு வைத்து இறைத்தார்கள்.

விசுவாசத்துக்குக் கொரிய சர்டிபிகேட் வேண்டுமா என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆகவே அதில் நுழையவில்லை. ஒன்று மட்டும்: இந்தச் சண்டை உங்கள் வீட்டில் தொடங்கியதல்ல. இரண்டாம் நூற்றாண்டிலேயே அப்பெல்லெஸ் என்பவர், இந்த அளவுக்குள் நான்கு யானைதான் நிற்கும் என்றார். மூன்றாம் நூற்றாண்டின் திருச்சபை அறிஞர் ஓரிகேன், அது எகிப்தியரின் பெரிய முழம் என்று பதில் சொன்னார். பின்னால் வந்த புனித அகுஸ்தீன், படுத்திருக்கும் மனித உடலின் விகிதம் இது என்று வேறொரு பக்கத்தையும் காட்டினார்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். சொல்வதைவிடச் செய்ய வையுங்கள். 300, 50, 30 என்பதை 30 செ.மீ., 5 செ.மீ., 3 செ.மீ. ஆக்கினால் பள்ளி ஸ்கேல் நீளம் வருகிறது. மெழுகு பூசிய அட்டையில் பெட்டி செய்து, கால்வாசி மணல் போட்டு, பெரிய பேசினில் மிதக்க விட்டு, ஒரு பக்கம் அமுக்கிவிடச் சொல்லுங்கள். திரும்ப நிமிரும். அப்புறம் ஐஸ்குச்சிகளை முனைக்கு முனை நூலால் கட்டி, அதே நீளத்தில் ஒரு சட்டம் செய்து, நடுவில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். இரண்டு முனைகளும் என்ன செய்கின்றன என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவதைச் செய்துகாட்ட மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.