ஓடும்போது உள்ளங்கால் வளைவில் வலியா? ஷூ பற்றிக் கேளுங்கள்

கேள்வி: எனக்குத் தட்டைப் பாதம். பத்து நிமிஷம் ஓடினால் வளைவு வலிக்கிறது. பாதம் உள்பக்கம் சாயாமல் தாங்கும் ஸ்டெபிலிட்டி ஷூதான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். நிஜமா சார்?

கட்டாயமில்லை. ஈரக்கால் தடத்தைப் பார்த்து, வளைவு எவ்வளவு உயரம் என்று கணித்து ஷூ எடுத்துத் தருவது பழைய வழக்கம். அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து இதைச் சோதித்து, 2009, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாத வளைவுக்கேற்ற ஷூ போட்டவர்களுக்கும், வளைவைப் பார்க்காமல் ஒரே வகை ஷூ போட்டவர்களுக்கும் காயம் படுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் தடத்தை விடுங்கள், காலைக் கேளுங்கள். கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு கடைக்குப் போய், நாலைந்து ஜோடி போட்டு ஓடிப் பாருங்கள் (கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்). நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் நழுவக் கூடாது, வளைவில் எதுவும் முட்டக் கூடாது. அப்படிப் பார்த்து ஏசிக்ஸ் கயானோ மாதிரி ஸ்டெபிலிட்டி ஷூதான் சுகமாக இருக்கிறதென்றால் தாராளமாக எடுங்கள்.

கேள்வி: புது ஷூ மாற்றிய பிறகுதான் எனக்கு வலியே வந்தது.

முதலில் லேஸைத் தளர்த்திப் பாருங்கள், இறுக்கிக் கட்டினாலே நடுப்பாதம் வலிக்கும், மரத்தும் போகும். அடுத்து, உள்ளே இருக்கும் இன்சோலின் மேடு உங்கள் வளைவுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ட்ராப், அதாவது குதிகால் பக்கத்துக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். 10 மி.மீ.யிலிருந்து திடீரென்று 4-க்கு இறங்கினால் கெண்டைக்காலும் அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் கூடுதல் பாரம் சுமக்கும். கொஞ்ச நாள் பழைய ஷூவையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

கேள்வி: காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் ஓரம் சுருக்கென்கிறது. நடந்தால் சரியாகிவிடுகிறது.

பிளான்டர் ஃபேஸியைட்டிஸாக (உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் பட்டையில் வரும் வலி) இருக்கலாம், பிசியோவிடம் காட்டுங்கள் மேடம். இதற்கு ஷூ மட்டும் போதாது. ஓடும் தூரத்தைக் குறைத்து, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி செய்ய வேண்டும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள், டைல்ஸ் தரையில் வெறுங்கால் வேண்டாம்.

கேள்வி: பழைய ஷூ மேலே நன்றாகத்தானே இருக்கிறது அண்ணா?

மேலே பார்க்காதீர்கள். 500 முதல் 800 கி.மீ. ஓடியிருந்தால் நடுவில் இருக்கும் ஃபோம் அமுங்கியிருக்கும். மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், உள்பக்கமாகச் சாய்ந்து நின்றால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கணுக்காலின் உள்பக்கம் வீங்கியிருக்கிறது, எந்த ஷூ வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.